சித்தி கேட்டால் கண்டுபிடித்துவிடுவாரா?

போன மாத இதழில், மனநலத் துறையில் இருப்பவர்கள் படித்து முடித்த பிறகும் இணையவழி வகுப்புகளில் உட்கார வேண்டும் என்று நான்கு வரி எழுதியிருந்தேன். வெபினார் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதற்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. ஐந்துக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். 22 வருடமாக இந்தப் பக்கம் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். எழுதியவர்கள் பெயரைப் போடவில்லை. சிலருக்கு ஊரையும் மாற்றியிருக்கிறேன். காரணம் இரண்டாவது பதிலில் இருக்கிறது.

அஞ்செட்டிப் பக்கமிருந்து ஒரு அம்மா: என் மகனுக்கு ஆறு வருடமாக மாத்திரை. மாதம் ஒரு முறை பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறோம். இரண்டு தடவை, டாக்டர் கம்ப்யூட்டரில் வகுப்பு கேட்கிறார் என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். படித்துவிட்டுத்தானே டாக்டர் ஆனார்? இதில் எங்களுக்கு என்ன லாபம்?

அம்மா, உங்களைக் காக்க வைத்தது தப்பு. வகுப்பு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். ஓபி வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் நீங்கள் அடுத்த பஸ்ஸுக்கு வந்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது இதை அங்கே சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

லாபம் என்ன என்பதற்கு எனக்கு நடந்ததையே சொல்கிறேன். லித்தியம் என்று ஒரு மாத்திரை. கொஞ்ச நாள் கட்டுக்கடங்காத உற்சாகம், கொஞ்ச நாள் ஒரேயடியாகச் சோர்வு என்று மாறி மாறி வருகிறவர்களுக்குக் கொடுப்பது. நல்ல மருந்து. ஆனால் அது மருந்தாக இருக்கும் அளவுக்கும் விஷமாக மாறும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது அதனால்தான். ஒரு வகுப்பில் பேசிய மருத்துவர் வெயில் காலத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். வியர்த்து உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். உடம்பு வலிக்கென்று மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் போன்ற மாத்திரைகளும் அதை ஏற்றிவிடும்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒருவர் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. முந்தின வாரம் டீ கொடுத்தபோது டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். அப்படியும் வேட்டியில் சிந்தியது. வெயில் அசதி என்று நான் விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் போன் செய்து, "உடம்பு வலிக்கு ஏதாவது போடறீங்களாண்ணா?" என்றேன். "கடையில ரெண்டு மாத்திரை குடுப்பாங்க, சாயந்திரமானா போட்டுக்குவேன்" என்றார். டாக்டர் அன்றைக்கே வரச் சொல்லி ரத்தம் எடுத்துப் பார்த்தார். அளவு கூடியிருந்தது. நேரத்தில் பார்த்ததால் சரிசெய்ய முடிந்தது. அதிலிருந்து பங்குனி பிறந்தால் லித்தியம் சாப்பிடும் எல்லோரிடமும் தண்ணீரையும் வலி மாத்திரையையும் பற்றிக் கேட்டுவிடுகிறோம்.

டாக்டர்கள் ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரமாவது இப்படித் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. உங்கள் மகனுக்கு என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம். கடையில் வலி மாத்திரை வாங்குவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு பக்கமிருந்து ஒரு தம்பி, மனநல ஆலோசகர்: அக்கா, வாராவாரம் நடக்கும் இணைய வகுப்பில் அடுத்த மாதம் நான் ஒரு கேஸ் சொல்ல வேண்டும். நோயாளியின் பெயரை மாற்றிவிட்டேன். அது போதுமா?

போதாது தம்பி. முன்னாலேயே கேட்டீர்களே, நல்லது. நான் அப்படி யாரையும் கேட்கவில்லை.

சில வருடங்களுக்கு முன்பு நானும் ஒரு வகுப்பில் கேஸ் சொன்னேன். ஸ்லைடில் பெயர் இல்லை, ஓர் எழுத்து மட்டும்தான். ஆனால் தாலுகாவைச் சொன்னேன். அப்பாவின் தொழிலைச் சொன்னேன். அந்தப் பெண் பொதுத் தேர்வில் பள்ளியிலேயே எத்தனையாவது என்பதையும் சொன்னேன். எவ்வளவு கெட்டிக்காரப் பெண் இப்படி முடங்கிப்போனாள் என்று கேட்பவர்களுக்கு உறைக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு. லேப்டாப்பை மூடுவதற்குள் போனில் ஒரு வாட்ஸப் வந்தது. வகுப்பில் இருந்த நர்ஸ் ஒருவர். "மேடம், இது எங்க மாமா வீட்டுக்கு எதிர்வீட்டுப் பொண்ணுதானே? இப்போ நல்லா இருக்காளா?" அக்கறையில்தான் கேட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

பெங்களூரில் உட்கார்ந்து 'ஒரு வியாபாரியின் மகள்' என்று சொன்னால் யார் என்று எவருக்கும் தெரியாது. நம் பக்கம் அப்படியா? ஒரே மண்டி, ஒரே மேல்நிலைப் பள்ளி, காலையில் எல்லோரும் ஏறுவது ஒரே டவுன் பஸ். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள். மூன்று விவரம் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும். சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ உள்ள சின்ன ஊர் என்றால் ஒன்றே போதும்.

அடுத்த தடவை அந்தப் பெண் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவளுக்குத் தெரிய வழியில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். "எங்க அப்பாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். எழுந்து போய்விட்டாள். இரண்டு மாதம் வரவில்லை. மூன்றாவது மாதம் வந்து உட்கார்ந்ததும், "இனிமே என்னைப் பத்தி எங்கயாச்சும் பேசறதா இருந்தா முதல்ல என்கிட்ட சொல்லுங்க" என்றாள். இந்தப் பதிலையும் அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். இரண்டு விவரத்தை அவளே மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு நோயாளியின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்கிறது. மின்னணு வடிவில் இருக்கும் தகவலுக்கும் அந்த உரிமை பொருந்தும் என்று 24-ஆம் பிரிவில் வருகிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அவரிடமே கேட்பது. "உங்களைப் பற்றிப் பெரிய டாக்டர்களிடம் ஒரு யோசனை கேட்கப் போகிறேன், பெயர் ஊர் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன், வைத்தியம் எப்போதும்போல நடக்கும்." இதை அவர் வீட்டில் பேசும் மொழியில் சொல்லுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் அது கன்னடமாகவோ தெலுங்காகவோ இருக்கலாம். நம் தமிழுக்கு அவர் தலையாட்டினார் என்பதை வைத்துச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், வகுப்பில் நீங்கள் கேட்கப்போகும் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். 'இந்த மருந்தோடு இந்தப் பேச்சு சிகிச்சையைத் தொடங்கலாமா' என்பது கேள்வி என்றால் அதற்குச் சாதி எதற்கு, ஊர் எதற்கு, அண்ணன் என்ன வேலை பார்க்கிறார் என்பது எதற்கு? அந்த வரிக்குத் தேவைப்படாத எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். வயதைச் சரியாகச் சொல்லாமல் 'இருபதுகளில்' என்று சொல்லுங்கள். எல்லாம் முடிந்ததும் உங்களையே கேளுங்கள்: அவருடைய சித்தி இந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால் கண்டுபிடித்துவிடுவாரா? ஆமாம் என்றால் இன்னும் அடிக்க வேண்டியது இருக்கிறது.

கேஸ் பேசும் நேரத்தில் ரெக்கார்டிங்கை நிறுத்தச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். ஹெட்செட் போட்டுக்கொள்ளுங்கள். கதவைச் சாத்துங்கள். நம் அறைகளில் சீட்டு வாங்க ஆள் உள்ளே வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

ஓசூரிலிருந்து ஒரு வாசகர்: எம்.எஸ்சி. உளவியல் முடித்திருக்கிறேன். இதுவரை 46 வெபினார் சர்டிபிகேட் வைத்திருக்கிறேன். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு வைக்கலாமா?

வைக்கக் கூடாது. நூறு சர்டிபிகேட் சேர்ந்தாலும் இதே பதில்தான். அந்தப் பெயருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் அதன் பதிவேட்டில் உங்கள் பெயரும் வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஏற்கனவே பதிவு பெற்றவர்கள் பதிவைப் புதுப்பிக்க இந்த வகுப்புகளின் புள்ளிகள் உதவும். பதிவே இல்லாதவருக்குப் பதிவை அவை வாங்கித் தராது. உங்கள் ஆர்வத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆலோசகராக எம்.எஸ்சி. என்று உள்ளதை உள்ளபடி போட்டு வேலையைத் தொடங்குங்கள், யாரை எப்போது மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். போர்டை நம்பி வருகிறவர் கையில் இருப்பது அவருடைய ஒரு நாள் கூலி.

அரூர் பக்கமிருந்து ஒரு செவிலியர்: எல்லா வகுப்பும் ஆங்கிலத்தில் ஓடுகிறது. பாதி புரியவில்லை. கேள்வி கேட்க வெட்கம். முடிந்ததும் மறந்துவிடுகிறது. எனக்கு இது தேவைதானா?

தேவை. ஆனால் நீங்கள் இப்போது உட்காரும் மாதிரி உட்கார்ந்தால் போதாது.

சும்மா கேட்டுவிட்டு வரும் உரை நம் வேலையைப் பெரிதாக மாற்றாது. இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை. மருத்துவப் பணியாளர்களுக்கான கல்விக் கூட்டங்களைப் பற்றிய 81 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை ஒன்று 2009-இல் வந்தது. கூட்டத்துக்குப் பிறகு நடைமுறையில் ஏற்பட்ட முன்னேற்றத்தின் நடுமதிப்பு 6 சதவீதப் புள்ளிதான். உரையோடு கலந்துரையாடலும் சேர்ந்த இடங்களில் பலன் கூடுதலாக இருந்தது. அதனால் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நம் கேஸைப் பேச இடம் இருக்கிறதா என்று பாருங்கள். எக்கோ என்று ஒரு முறை உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் 2003-இல் கல்லீரல் மருத்துவர் சஞ்சீவ் அரோரா தொடங்கியது. சின்ன ஊர் டாக்டர்கள் வாராவாரம் திரையில் கூடித் தங்கள் நோயாளிகளைப் பற்றி நிபுணர்களோடு பேசுவார்கள். அப்படிப் பேசிப் பேசியே ஹெபடைடிஸ் சி நோய்க்குக் கிராமத்தில் கொடுத்த சிகிச்சை பல்கலைக்கழக மருத்துவமனை அளவுக்குப் பலன் தந்தது என்று 2011-இல் ஆய்வு வெளியானது. நம் பக்கத்தில் பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் மருத்துவமனை மனநலத்துக்கு இந்த முறையைக் கையாள்கிறது.

இனி மொழி. நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ஸ்லைடில் வந்த ஆங்கில வார்த்தை, வலது பக்கம் அதே விஷயத்தை ஓபியில் ஜனங்கள் எப்படிச் சொன்னார்கள் என்பது. அன்ஹெடோனியா என்று ஒரு வார்த்தை. எதிலும் இன்பம் தோன்றாத நிலை என்று அகராதி சொல்லும். அதற்கு எதிரே என் நோட்டில் இருப்பது, காரிமங்கலம் பாட்டி ஒருவர் சொன்னது: "கோழிக்குத் தீனி போடக்கூட மனசு வரல கண்ணு." அந்த வார்த்தை எனக்கு இனி மறக்காது. மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பவர்கள், "மாட்டைப் பார்க்கப் போறீங்களா, தறியில உட்கார முடியுதா?" என்றால் அழுதுவிடுவார்கள். இந்த வலது பக்கத்தை உங்களைத் தவிர யாராலும் எழுத முடியாது. அங்கே பேசும் பேராசிரியருக்கும் அது தெரியாது.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தோழியைச் சேர்த்துக்கொண்டு ஒரே போனில் இருவரும் பாருங்கள். கேள்வியைச் சாட்டில் தமிழிலேயே போடுங்கள். படித்துச் சொல்ல யாராவது இருப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

ஊர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு சகோதரி: தற்கொலைத் தடுப்பு பற்றி இரவு ஒரு வெபினார் பார்த்தேன். வீட்டில் பூச்சி மருந்து எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தவறாமல் கேட்க வேண்டும் என்றார்கள். இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர் இறந்துபோனார். அவரிடம் நான் அதைக் கேட்கவே இல்லை. நான்கு நாளாகத் தூக்கம் இல்லை.

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். புதிதாக ஒன்றைக் கற்கும்போது பழைய முகங்கள் எழுந்து வரும். இதை எந்த வகுப்பிலும் முன்கூட்டிச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன. மருந்துப் புட்டி கைக்கு எட்டாமல் இருப்பது உயிரைக் காக்கும் என்பது அப்படித் தெரிந்துகொண்டதுதான். அதை உங்களுக்கு இரண்டு வருடத்துக்கு முன் யாரும் சொல்லித்தரவில்லை. தெரிந்த எல்லாவற்றையும் நீங்கள் அன்றைக்குச் செய்தீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அவர் வராத வாரம் நீங்கள் வீடு தேடிப் போயிருக்கிறீர்கள்.

நம்மைப் போன்றவர்களும் 14416-க்குப் பேசலாம். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கும் அதே எண்தான். உங்கள் டாக்டரிடமும் இதைச் சொல்லுங்கள். அடுத்த இரண்டு வாரம் அந்தத் தலைப்பில் வகுப்பு எதுவும் வேண்டாம், ரெக்கார்டிங் இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடிதத்தின் பின்பக்கம் உங்கள் போன் நம்பர் எழுதியிருந்தீர்கள். இதழ் வரும்வரை காத்திருக்க எனக்கு மனம் இல்லை. இன்றைக்குச் சாயந்திரம் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன்.