பின்னணி தெரிந்தால் மதிப்பெண் மாறுமா?

வணக்கம். மாணவர்களின் குடும்பப் பின்னணி தெரிந்தபின், ஒரே தரமுள்ள விடைத்தாள்களுக்கு வெவ்வேறு மதிப்பெண் இட்டுவிட்டதாகவும், விடைகளை வரிவரியாகப் படித்தும் இது எப்படி நேர்ந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். படிப்பது மட்டுமே காப்பாகாது என்பதுதான் உளவியலாளர்கள் ஜான் டார்லியும் பேஜட் கிராஸும் 1983இல் வெளியிட்ட ஆய்வின் சங்கடமான முடிவு.

ஹன்னா என்ற நான்காம் வகுப்புச் சிறுமியைச் செல்வச் சூழலில் வளர்பவளாகச் சிலருக்கும் ஏழ்மையில் வளர்பவளாக மற்றவர்களுக்கும் காட்டினார்கள். பின்னணியை மட்டும் பார்த்தவர்கள், அது எந்தப் பின்னணியாக இருந்தாலும், அவளை ஏறத்தாழ அவளுடைய வகுப்பு நிலையிலேயே வைத்தனர். ஆனால் அவள் சில வினாக்களுக்குச் சரியாகவும் சிலவற்றுக்குத் தவறாகவும் விடை சொல்லும் ஒரே காட்சியையும் சேர்த்துப் பார்த்தவர்கள், செல்வச் சிறுமியை வகுப்புக்கு மேலாகவும் ஏழைச் சிறுமியைக் கீழாகவும் மதிப்பிட்டனர். வெறும் ஊகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூசுகிற மனம், கலவையான சான்று கையில் கிடைத்தவுடன் தனக்கு வேண்டியதை அதில் கண்டெடுத்துத் துணிந்துவிடுகிறது. உங்கள் விடைத்தாள்களும், குறிப்பாகக் கட்டுரை வினாக்கள், அத்தகைய சான்றுகளே.

ஆகவே, இனிக் கவனமாக இருப்பேன் என்ற உறுதியை நான் பெரிதாக நம்பமாட்டேன். பெயர் உள்ள முகப்பை வேறொருவர் மறைத்துத் தரட்டும். எந்தக் கருத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். ஒரு வினாவை எல்லாத் தாள்களிலும் திருத்தி முடித்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுத்தால், அந்தத் தாள்களை மட்டும் சக ஆசிரியரிடம் கொடுத்துவிடலாம்.