சான்றிதழை மாற்றினால் விபிஎன் பிழை தீருமா?

கேள்வி: எங்கள் அலுவலக விபிஎன் ஸ்ட்ராங்ஸ்வான் என்ற மென்பொருளின் 5.0.2 பதிப்பில் இயங்குகிறது. அதன் சான்றிதழ்ச் சரிபார்ப்பில் பிழை இருப்பதால் 40 ஊழியர்களுக்கும் புதிய சான்றிதழ் வாங்க வேண்டும் என்கிறார் பராமரிப்பு ஒப்பந்தக்காரர். அவசியமா?

பதில்: அவசியமில்லை. பாதுகாப்புப் பிழைகளுக்கான சிவிஇ என்ற பொதுப் பட்டியலில் சிவிஇ-2013-2944 (CVE-2013-2944) என்ற எண்ணில் பதிவான அந்தப் பிழை சான்றிதழ்களில் இல்லை, அவற்றைச் சரிபார்க்கும் மென்பொருளில் இருக்கிறது. உள்ளே வருபவர் தன் அடையாளத்தை நிரூபிக்க அனுப்பும் டிஜிட்டல் கையொப்பம் ஈசிடிஎஸ்ஏ வகையாக இருந்தால், ஸ்ட்ராங்ஸ்வான் அதை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரல் நூலகத்திடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லும். சரியென்றால் 1, தவறென்றால் 0, சோதிக்கவே முடியாவிட்டால் −1 என்று பதில் வரும். 4.3.5 முதல் 5.0.3 வரையிலான பதிப்புகள் அந்த −1-ஐயும் 'சரி' என்றே எடுத்துக்கொண்டன. ஆகவே, கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அனுப்புபவரும் உங்கள் ஊழியர் ஒருவரின் பெயரில் உள்ளே வந்துவிட முடியும். சர்வர் அப்படியே இருக்க, ஊழியர்களின் சான்றிதழை எத்தனை முறை மாற்றினாலும் அது போலியையும் ஏற்கத்தான் செய்யும். ஆர்எஸ்ஏ என்ற வேறு வகைக் கையொப்பத்தை மட்டும் பயன்படுத்துவோருக்கு இந்தக் கவலையே இல்லை.

இத்தகைய செய்தி வந்தவுடன் தலைக்கு இவ்வளவு என்று பில் போடக் கிளம்பும் ஒப்பந்தக்காரர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். பெரும்பாலான அலுவலகங்களில் விபிஎன் சான்றிதழ்களை அலுவலகத்தின் சொந்த சான்றளிப்பு சர்வரே வழங்குகிறது. வெளியே வாங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியது, இப்போதும் ஆதரவில் உள்ள ஒரு பதிப்புக்கு மாறுவது; திருத்தம் 2013 ஏப்ரல் இறுதியில் வெளியான 5.0.4-லேயே வந்துவிட்டது. மாறிய பின் சேவையை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய நிரலே நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்கள் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே சேர்த்துவிடும். டெபியன் 6-இல் திருத்திய பிறகும் 4.4.1 என்ற எண்தான் நின்றது. எனவே 5.0.2 என்ற எண்ணை மட்டும் வைத்து உங்கள் சர்வர் பழுதானது என்றும் சொல்லிவிட முடியாது. நிறுவியுள்ள மென்பொருள் தொகுப்பின் மாற்றப் பதிவேட்டில் (changelog) மேற்சொன்ன சிவிஇ எண் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். பதிப்பு எண்ணைப் பார்த்துக் கட்டத்தில் சிவப்பு மையிடும் தணிக்கை முறைக்கு இந்த எளிய விஷயம் இன்றுவரை எட்டவில்லை, அந்தச் சிவப்புக் கட்டத்தைக் காட்டித்தான் ஒப்பந்தக்காரரும் உங்களைப் பயமுறுத்துகிறார்.

அவர் இன்னும் வற்புறுத்தினால், சான்றிதழோடு இணைந்த, கையொப்பமிடப் பயன்படும் ரகசியத் திறவுகோல் யாருடையது கசிந்தது என்பதை எழுத்துமூலம் தரச் சொல்லுங்கள். எல்லாருடைய சான்றிதழையும் இப்படி அவசரமாக மாற்றுவதற்கு அதுபோன்ற காரணம் இருக்க வேண்டும். இந்தப் பிழையில் எந்தத் திறவுகோலும் கசிவதில்லை.