முன்னோர் சாபமா? எசேக்கியேல் 18-ஐ வாசிக்கச் சொல்லுங்கள்

கேள்வி: என் கணவர் போன வருடம் மாரடைப்பில் இறந்தார். ஜெபிக்க வந்த ஊழியர் ஒருவர் எரேமியா, எசேக்கியேல் வசனங்களைக் காட்டி, "முன்னோர் பாவத்துக்கான நியாயத்தீர்ப்பு உங்கள் குடும்பத்தின் மேல் இருக்கிறது, சாபத்தை முறிக்க 21 நாள் உபவாச ஜெபம் வேண்டும்" என்கிறார். அதற்குக் காணிக்கையும் கேட்கிறார். இன்னும் அழுவது அவிசுவாசமாம். என்ன செய்வது?

பதில்: முதலில் பணம் கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

எசேக்கியேலைக் காட்டியவர் 18-ம் அதிகாரத்தைத் தாண்டிப் போயிருக்கிறார். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டுபோன கூட்டத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசியும் ஒருவர். 'பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின' என்று ஜனங்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஊழியர் சொல்வதும் இதேதான். இந்தப் பழமொழியை இனி யாரும் சொல்லக் கூடாது, தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் அடித்துச் சொல்கிறார். எரேமியா 31-லும் இந்தப் பழமொழிக்கு முடிவு கட்டப்படுகிறது.

விவரம் தெரிந்தவராக இருந்தால் வேதாகமத்தின் புலம்பல் புத்தகத்திலிருந்து 5:7-ஐ எடுத்து உங்களை மடக்குவார். பிதாக்கள் பாவம் செய்து செத்தார்கள், அவர்கள் அக்கிரமத்தை நாங்கள் சுமக்கிறோம் என்று அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். கி.மு. 586-ல் எருசலேம் விழுந்தபின், இடிபாடுகளுக்கு நடுவே நிற்கிற ஜனங்கள் பேசுகிறார்கள். சொந்த ஊர்த் தண்ணீரையே காசு கொடுத்துக் குடிக்கிறார்கள். மூத்தவர்கள் எடுத்த முடிவுகளால் பிள்ளைகள் பட்டினி கிடந்தது நிஜம். குடிகாரர் வீட்டுப் பிள்ளைகள் இன்றும் அப்படித்தான் கஷ்டப்படுகிறார்கள். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இது வேதனையில் கடவுளிடம் முறையிடும் குரல், கடவுள் எழுதிய தீர்ப்பு அல்ல. அதே அதிகாரத்தில் "ஐயோ, நாங்கள் பாவம் செய்தோமே" என்று அவர்களே சொல்கிறார்கள். இவ்வளவு பணம் கட்டிச் சாபத்தை இறக்கிக்கொள்ளும்படி அந்தப் புத்தகத்தில் யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

தீர்க்கதரிசிகளின் கோபம் யார் மேல்? கூலி கொடுக்காமல் அரண்மனை கட்டிய ராஜா யோயாக்கீம் மேல். விதவைகளைச் சூறையாடச் சட்டம் எழுதியவர்கள் மேல். மீகா 3-ஐப் படித்துப் பாருங்கள்: பொய்த் தீர்க்கதரிசிகளின் வாயில் ஏதாவது போட்டால் 'சமாதானம்' என்பார்கள், போடாவிட்டால் சண்டைக்கு வருவார்கள், பணத்துக்குக் குறிசொல்வார்கள். உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தவர் அந்த அதிகாரத்தில் இருக்கிறார். நீங்கள் இல்லை.

அழுகை விஷயம். தன் தலை தண்ணீராகவும் கண்கள் கண்ணீரூற்றாகவும் இருந்தால் இரவும் பகலும் அழுவேன் என்றவர் எரேமியா. 20-ம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அவர் அவிசுவாசியா? எங்கள் இறையியல் கல்லூரிகள் மேல் எனக்குக் கோபம் உண்டு. எருசலேம் முற்றுகை நடந்த ஆண்டைத் தேர்வில் சரியாக எழுதுகிற மாணவர், துக்க வீட்டுக்கு வசனம் அச்சடித்த ஒரு வாக்குத்தத்த அட்டையோடு போய் நிற்கிறார்.

அந்த அட்டையில் பெரும்பாலும் எரேமியா 29:11, நல்ல முடிவைத் தருவேன் என்ற வாக்கு, இருக்கும். முந்தின வசனம் இருக்காது. பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய அந்தக் கடிதம் 70 வருடம் என்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அங்கேயே வாழுங்கள் என்கிறது. இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன அனனியாவை 28-ம் அதிகாரம் பொய்யன் என்கிறது. சீக்கிர விடுதலைக்குத் தேதி குறிப்பவர்களிடம் உஷாராக இருங்கள், 21 நாள் உட்பட.

நம்பிக்கை வேண்டுமென்றால் எரேமியா 32-ம் அதிகாரம். ஊர் முற்றுகையில், எரேமியா காவலில். அப்போது தன் சொந்த ஊரான ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, பத்திரம் ரொம்ப நாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். அதன் பலனைத் தான் பார்க்க மாட்டோம் என்று தெரிந்தே வாங்கியிருப்பார் என்பது என் எண்ணம்.

அந்த ஊழியர் மறுபடி வந்தால் தனியாக உட்காராதீர்கள். அண்ணனோ சபை மூப்பரோ கூட இருக்கட்டும். எசேக்கியேல் 18-ஐ அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். 32 வசனம்தான், ஐந்து நிமிஷ வேலை.