பன்றித் தோல் கருவிழி வரும்வரை பொறுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. இரண்டு வருஷத்தில் நாலு தடவை கண்ணாடி மாற்றியும், தெருவிளக்கு இரண்டு மூன்றாகத் தெரிகிறது என்கிறான். கெரடோகோனஸ் என்று சொல்லி, கிராஸ் லிங்கிங் செய்யச் சொல்கிறார் டாக்டர். ‘பன்றித் தோலில் செய்த கருவிழி வந்துவிட்டது, பொறுங்கள்’ என்கிறார் என் அண்ணன். எதைக் கேட்பது? இளையவளுக்கு 14 வயது. - ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: சகோதரி, பொறுக்க வேண்டாம்.

கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் இருக்கும் கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்குவதுதான் இந்தக் கெரடோகோனஸ் நோய். உங்கள் மகன் வயதில் வேகமாக முற்றும். ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியை இறுக்குவது கிராஸ் லிங்கிங். இழந்ததை மீட்காது, பெரும்பாலோருக்கு மேலும் கெடாமல் நிறுத்தும். கருவிழி 400 மைக்ரானுக்குக் (0.4 மில்லிமீட்டர்) கீழே மெலிந்துவிட்டால் வழக்கமான முறையில் அதைச் செய்ய முடியாது. தள்ளிப்போடுவதில் எனக்குள்ள பயமே இதுதான்.

அண்ணன் சொன்னதும் பொய்யில்லை. பன்றித் தோலின் கொலாஜன் என்ற புரதத்தைச் சுத்திகரித்துச் செய்த பதியத்தை, ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகக் குழு இந்தியாவிலும் ஈரானிலுமாக 20 பேருக்கு வைத்து, 2022இல் முடிவை வெளியிட்டது. சட்டைப்பை தைப்பதுபோலக் கருவிழிக்குள் லேசரால் ஓர் இடைவெளி உண்டாக்கிச் செருகுகிறார்கள், தையலே இல்லை. அந்த 20 பேரில் 14 பேர் பார்வை இழந்திருந்தவர்கள். இரண்டு ஆண்டுக்குப் பிறகு அவர்களில் ஒருவரும் பார்வையற்றவராக இல்லை. படித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் அது நோய் முற்றியவர்களுக்கு, அதுவும் 20 பேரிடம் பார்த்த சோதனை. உங்கள் பிள்ளையை அந்த நிலைக்கே விடக்கூடாது.

சென்னையில் டாக்டர் சூசன் ஜேக்கப் உருவாக்கிய ‘கெய்ர்ஸ்’ என்ற முறையும் உண்டு. தானமாக வந்த கருவிழியில் வளையத் துண்டு வெட்டி உள்ளே வைப்பார்கள். கூம்பு தணிந்து பார்வை மேம்படலாம். அவனுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடமே கேளுங்கள். நோயை நிறுத்த அப்போதும் கிராஸ் லிங்கிங் வேண்டியிருக்கலாம்.

‘ஆராய்ச்சி சிகிச்சை’ என்று யாராவது பணம் கேட்டால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்று ராத்திரி அவன் படிக்கும்போது கொஞ்சம் கவனியுங்கள். விரல் முட்டியால் கண்ணை அழுத்தித் தேய்க்கிறானா? அந்தப் பழக்கத்தை நிறுத்தியே ஆகவேண்டும். அரிப்பு இருந்தால் அலர்ஜிக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது இளையவளையும் கூட்டிப்போய்க் கருவிழியின் வளைவை அளக்கும் டோபோகிராபி ஸ்கேன் எடுத்துவிடுங்கள். கூடப்பிறந்தவர்களுக்கும் இது வர வாய்ப்பு உண்டு.