அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலை சுகமானதுதானா?

சம்பளத்தை மட்டும் பார்த்தால் சுகம்தான். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி: ஐந்து வகுப்புகள், இரண்டே பேர். ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ போய்விட்டால் ஐந்தும் மற்றவர் தலையில். அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்றுத்தர 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். முறை நல்லது, பிள்ளைகளின் மதிப்பீட்டைக் கைப்பேசியில் பதிவேற்றும் வேலைதான் ஆளைத் தின்கிறது. சிக்னலுக்காக வேப்பமரத்தடியில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நின்றிருக்கிறேன். (பிள்ளைகளுக்கு அது நல்ல வேடிக்கை.) அதே ஆண்டு தொடங்கிய காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்த பிறகு, பத்தரை மணிக்கே பசியில் சுருண்டுகொள்ளும் முகங்கள் குறைந்துவிட்டன.

பலன் என்று கேட்டால், அரும்பிலேயே கிடந்த ஒரு பையன் ஒருநாள் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்து, “டீச்சர், இது நம் ஊர் பஸ்!” என்று கத்தினான். அன்று நான் எதையும் பதிவேற்றவில்லை.