கிட்னி மாத்தினவருக்கு வயித்தால போகுது, பூச்சி மாத்திரை குடுக்கலாமா?

வியாசர்பாடியிலேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "வீட்டுக்காரருக்கு கிட்னி மாத்தி 5 மாசம் ஆகுது சார். 8 நாளா தண்ணி தண்ணியா வயித்தால போகுது, மெடிக்கல்ல வாங்கின மாத்திரைக்கும் நிக்கல. பூச்சி மாத்திரை குடுக்கலாமா? கேன் தண்ணி தான் குடிக்கிறோம்."

வேணாம்மா. ஆபரேஷன் பண்ண டாக்டருக்கு இன்னைக்கே போன் போடுங்க, காய்ச்சல் இருந்தாலோ மூத்திரம் குறைஞ்சாலோ ராத்திரியானாலும் கிளம்பிடுங்க.

நமக்குன்னா மோர் சாதத்தோட ரெண்டு நாள்ல சரியாயிடும். அவரு டாக்ரோலிமஸ் (மாத்தின கிட்னியை உடம்பு ஒதுக்கிடாம இருக்க குடுக்கிற மருந்து) சாப்பிடறாருன்னா கதையே வேற, பேதியில மருந்தும் வெளிய போயிடும்னு தானே நினைப்போம், ஆனா உல்டாவா ரத்தத்துல அளவு ஏறிடும், ஏன்னா குடல் சுவர் தான் அந்த மருந்துல ஒரு பங்கை உள்ள விடாம தடுக்கும், அது புண்ணாச்சுன்னா கூடுதலா உள்ள போயிடுது. மருந்து ஏறுனாலும் கிட்னிக்கு அடி, உடம்புல தண்ணி வத்துனாலும் அடி. அதனால காலை டோஸை போடாம கையில எடுத்துட்டு போங்க, மருந்து அளவு பாக்க ரத்தம் எடுத்ததும் போட்டுக்கலாம். நீங்களா நிறுத்திடாதீங்க.

பேதிக்கு காரணம், கிட்னியை காப்பாத்த கூடவே குடுக்கிற மைகோபெனோலேட் மாத்திரையாவும் இருக்கலாம், வைரஸாவும் இருக்கலாம். ஒட்டுண்ணியில நான் மொதல்ல சந்தேகப்படறது கிரிப்டோஸ்போரிடியம். இது குளோரினுக்கு சாவாது, பூச்சி மாத்திரைக்கும் அசையாது. சாதாரண மோஷன் டெஸ்ட்ல தெரியாது, தனியா சாயம் போட்டு பாக்கணும், அதுவும் ஒரு நாள் சாம்பிள்ல தப்பிச்சிடும், அதனால ரெண்டு மூணு நாள் குடுக்க சொல்வாங்க. கேன் தண்ணியோ லாரி தண்ணியோ, தளதளன்னு கொதிச்சப்புறம் ஒரு நிமிஷம் விட்டு ஆற வச்சு குடுங்க. பல்லு விளக்கவும் அதே தண்ணி தான்.

இன்னொண்ணு, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்னு ஒரு புழு, வெறுங்கால்ல மண்ணு வழியா ஏறி, வருஷக்கணக்கா சத்தமே இல்லாம குடல்ல குடித்தனம் பண்ணும், கிட்னி மாத்தினவங்களுக்கு குடுக்கிற ஸ்டீராய்டு மருந்து போட்டா ஒண்ணு நூறாகி நுரையீரல் வரைக்கும் போயிடும், உயிருக்கே ஆபத்து. இதுக்கு ஐவர்மெக்டின், ஆனா டாக்டர் எடை பாத்து குடுக்கணும். சின்ன வயசுல ஊர்ல வயல்ல நடந்தவரான்னு அவங்க கேக்கலைன்னாலும் நீங்க சொல்லிடுங்க. ஆடி மாசம் பெரியபாளையத்துக்கு வெறுங்கால்ல நடக்கிற வேண்டுதல் இருந்தா இனிமே வண்டியில போகட்டும், பவானி அம்மன் கோச்சுக்க மாட்டா.

மெடிக்கல்ல வாங்கின மாத்திரையோட காலி அட்டையையும் எடுத்துட்டு போங்க, திட்டுவாங்களோன்னு மறைக்காதீங்க, சில ஆன்டிபயாடிக்கே டாக்ரோலிமஸை ஏத்தி விட்டுடும்.