பயங்கரவாதப் பட்டியல்: ராயபுரத்தில் கேட்டவையும் என் பதில்களும்

பாரிமுனையில் ஒரு வங்கியின் அயல்நாட்டு வர்த்தகப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஏற்றுமதி பில்லிலும் எல்.சி.யிலும் (வாங்குபவருக்காக வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) வரும் ஒவ்வொரு பெயரையும், பணப் பரிமாற்றம் கூடாது என்று அரசுகளும் ஐ.நா.வும் வெளியிடும் தடைப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. சென்ற ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்துப் படிப்பகம் ஒன்றில் இது பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். பேசி முடித்ததும் கை நிறையத் துண்டுச் சீட்டுகள் வந்தன. அங்கே பாதிக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. இப்போது பொறுமையாக எழுதுகிறேன்.

பெரம்பூர், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்: பஹல்காம் படுகொலைக்குப் பிறகு டி.ஆர்.எஃப். (தி ரெசிஸ்டன்ஸ் ஃபிரண்ட்) என்ற காஷ்மீர் ஆயுதக் குழுவை அமெரிக்கா மூன்றே மாதத்தில் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது. ஐ.நா.வில் மட்டும் ஏன் இத்தனை இழுபறி?

அமெரிக்காவில் முடிவெடுப்பது ஒரே அரசு. வெளியுறவு அமைச்சர் கையெழுத்திட்டு, நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்து, அரசிதழில் வெளியிட்டால் வேலை முடிந்தது. 2025 ஜூலையில் அப்படித்தான் நடந்தது. இந்தியா 2023 ஜனவரியிலேயே அந்த அமைப்பைத் தடை செய்துவிட்டது.

ஐ.நா.வில் நாம் தட்டும் கதவு, தடைப் பட்டியலில் பெயர் சேர்க்கும் 1267 குழுவினுடையது. 1999-இல் நிறைவேறிய தீர்மானத்தின் எண் அது. பாதுகாப்பு மன்றத்தின் 15 உறுப்பினர்களும் அதில் இருக்கிறார்கள். அத்தனை பேரும் மறுக்காமல் இருந்தால்தான் ஒரு பெயர் உள்ளே போகும். அந்த 15 பேரில் ஒருவராக 2025, 2026 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் பாகிஸ்தான் உட்கார்ந்திருக்கிறது. பஹல்காம் தாக்குதலைக் கண்டித்து 2025 ஏப்ரல் 25 அன்று மன்றம் வெளியிட்ட அறிக்கையில் டி.ஆர்.எஃப். என்ற பெயரே இல்லை.

இன்னொன்றையும் தேர்வுக்காக மட்டுமல்லாமல் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1267 பட்டியல் உலகத்துப் பயங்கரவாதிகள் எல்லாரையும் சேர்த்த பட்டியல் அன்று. அல்-காய்தாவோடோ ஐ.எஸ். அமைப்போடோ தொடர்பு இருப்பதைக் காட்டினால்தான் அதில் இடம். எத்தனை பேரைக் கொன்றார்கள் என்பதை மட்டும் சொன்னால் போதாது.

தண்டையார்பேட்டை, டீக்கடைக்காரர்: "சர்வதேச அழுத்தம்" என்று செய்தித்தாளில் தினமும் போடுகிறார்கள். அந்த அழுத்தத்தை யார், எப்படிக் கொடுக்கிறார்கள்?

அன்று வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். மசூத் அசார் விவகாரத்தைச் சொன்னால் விளங்கிவிடும்.

1999 டிசம்பரில் கந்தஹாருக்குக் கடத்தப்பட்ட விமானத்தின் பயணிகளுக்கு ஈடாக நம் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் அவர். அவர் தொடங்கிய ஜெய்ஷ்-எ-முகமது 2001-லேயே ஐ.நா. பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால் அமைப்பைத் தொடங்கியவர் பட்டியலுக்கு வெளியே இருந்தார். இந்தியா 2009-இல் கேட்டது, நடக்கவில்லை. பதான்கோட் விமானப்படைத் தளத் தாக்குதலுக்குப் பிறகு 2016-இல் மீண்டும் கேட்டது. சீனா "தொழில்நுட்ப நிறுத்திவைப்பு" போட்டது. ஆறு மாதம், அதன்மேல் மூன்று மாதம் நீட்டிப்பு, பிறகு கோரிக்கையே விழுந்துவிடும். அப்படியே விழுந்தது. 2017-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் கொண்டுவந்ததற்கும் அதே கதிதான்.

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் 40 பேர் இறந்தார்கள். அதே மூன்று நாடுகள் மறுபடியும் கோரின, மார்ச்சில் சீனா மறுபடியும் நிறுத்திவைத்தது. இந்த முறை அமெரிக்கா வேறு வழியில் போனது. மூடிய அறைக்குள் இருக்கும் குழுவை விட்டுவிட்டு, பாதுகாப்பு மன்றத்திலேயே ஒரு வரைவுத் தீர்மானத்தைச் சுற்றுக்கு விட்டது. குழுவுக்குள் காரணம் சொல்லாமல் நிறுத்திவைக்கலாம். மன்றத்திலோ உலகத்தின் முன்னால் கையை உயர்த்தித்தான் தடுக்க வேண்டும். அந்தச் சங்கடம்தான் அழுத்தம். அதே வேளையில் பாகிஸ்தான் 2018 ஜூன் முதல், பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைக் கண்காணிக்கும் நிதி நடவடிக்கைப் பணிக்குழுவின் (எஃப்.ஏ.டி.எஃப்.) சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தது. கடன் வாங்கும் நாட்டுக்கு அது கழுத்தில் விழுந்த கயிறு. மே 1 அன்று சீனா விலகிக்கொண்டது, அசார் பட்டியலில் ஏறினார். ஆனால் ஐ.நா. சொன்ன காரணங்களில் புல்வாமா இல்லை. பேரத்தில் விட்டுக்கொடுத்தது எது என்பதை அந்த விடுபட்ட பெயரே காட்டுகிறது. அந்த அறிவிப்பை அலுவலகத்தில் படித்த நாளில் நிம்மதியும் வருத்தமும் ஒன்றாகவே எனக்கு வந்தன.

வியாசர்பாடி, சட்ட மாணவர்: பயங்கரவாதம் என்பதற்கு ஐ.நா.வின் வரையறை என்ன?

எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட முழுமையான வரையறை கிடையாது. 1996-இல் இந்தியா முன்வைத்த பயங்கரவாத எதிர்ப்புப் பொது உடன்படிக்கை இன்னும் முடங்கித்தான் கிடக்கிறது. விடுதலைப் போராட்டத்தை எங்கே வைப்பது, அரசுப் படைகளின் செயலை எங்கே வைப்பது என்ற இரண்டு இடங்களில் சிக்கல்.

காசிமேடு, ஒரு தாய்: என் மகன் சரக்குக் கப்பலில் இருக்கிறான். ஏமன் நாட்டு ஆயுதக் குழுவான ஹூதிகளைப் பயங்கரவாதிகள் என்று அறிவித்துவிட்டார்களே, இனி செங்கடலில் பயம் இல்லையா ஐயா?

அம்மா, உங்களுக்கு ஆறுதலாகப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறிவிப்பு ஏவுகணையைத் தடுக்காது.

2021 ஜனவரியில் பதவி விலகும் தறுவாயில் டிரம்ப் அரசு அவர்களைப் பட்டியலில் சேர்த்தது. ஏமன் தன் உணவில் பெரும்பகுதியைக் கப்பலில் இறக்குமதி செய்யும் நாடு. அந்த நாட்டுத் துறைமுகங்களுக்குக் கோதுமை அனுப்பினால் வழக்கு வருமோ என்று வணிகர்களும் வங்கிகளும் ஒதுங்கிவிட்டால் பஞ்சம் வரும் என்று ஐ.நா. அதிகாரிகளே எச்சரித்தார்கள். அடுத்த மாதமே பைடன் அரசு அதை நீக்கியது. வங்கியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த எச்சரிக்கை உண்மை. விதிவிலக்கு உண்டு என்று சட்டம் சொன்னாலும், "நமக்கு எதற்கு வம்பு" என்று கோப்பை ஓரமாக வைத்துவிடுவதுதான் எங்கள் வழக்கம்.

2023 நவம்பரில் ஹூதிகள் கேலக்ஸி லீடர் கப்பலைப் பிடித்து 25 மாலுமிகளை ஓராண்டுக்கு மேல் சிறைவைத்தார்கள். 2024-இல் ஒரு வகைப் பட்டியலிலும், 2025 மார்ச்சில் இன்னும் கடுமையான பட்டியலிலும் அமெரிக்கா அவர்களை மறுபடி சேர்த்தது. அதற்குப் பிறகு அந்த ஜூலையில்தான் மேஜிக் சீஸ், எடர்னிட்டி சி என்ற இரண்டு கப்பல்களைக் கடலில் மூழ்கடித்தார்கள். மகனிடம் கப்பல் எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகப் போனால் பத்து நாளைக்கு மேல் கூடுதலாகும், வரட்டும். ஆபத்தான பகுதிக்குள் போகிறது என்றால், போக மறுக்கும் உரிமை அவனுக்கு இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

புழல் முகாமில் பிறந்த இளைஞர்: புலிகளைப் பட்டியலிட்டதில் நியாயம் இருந்ததா?

தம்பி, உங்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு 1992 மே மாதம் இந்தியா தடை விதித்தது. தன் மண்ணில் முன்னாள் பிரதமரைக் கொன்ற அமைப்பை எந்த நாடும் வேறு விதமாக நடத்தியிருக்காது. 1997-இல் அமெரிக்கா, 2001-இல் பிரிட்டன் என்று தடை தொடர்ந்தது.

எனக்கு ஆறாத குறை 2006 மே மாதத்து ஐரோப்பிய ஒன்றியத் தடையைப் பற்றித்தான். அப்போது இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்த ஒப்பந்தம் காகிதத்திலாவது உயிரோடு இருந்தது. அதைக் கண்காணித்தவர்கள் நார்வே, ஐஸ்லாந்து, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டவர்கள். தடை வந்ததும், ஒன்றியத்தைச் சேர்ந்த கடைசி மூன்று நாட்டினரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் கூறினார்கள். அவர்கள் போனார்கள். இரு தரப்பும் மோதத் தொடங்கிய வேளையில் பார்த்து எழுதும் கண்கள் குறைந்தன. தடையின் காரணங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள், நடுவில் நின்ற மக்களைக் கணக்கில் எடுக்கவில்லை. உங்கள் பெற்றோர் எந்த ஆண்டு கடல் கடந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் இதைக் கேட்க முழு உரிமை உள்ளவர்.

எண்ணூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: பாதிக்கப்பட்ட நாடே பட்டியல் வேண்டாம் என்று சொன்னது உண்டா?

உண்டு. நைஜீரியாவில் தாக்குதல் நடத்திவந்த போகோ ஹராம் குழுவைச் சேர்க்க வேண்டாம் என்று 2012-இல் நைஜீரிய அரசே அமெரிக்காவிடம் வாதாடியது. அந்தக் குழுவுக்கு அது பெரிய பெயர் வாங்கிக் கொடுக்கும் என்று ஆய்வாளர்கள் பலரும் சொன்னார்கள். 2013 நவம்பரில் அமெரிக்கா சேர்த்தது. சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகளைக் கடத்திய பிறகு, 2014 மே மாதம் ஐ.நா.வும் சேர்த்தது.

மண்ணடி, இரும்புச் சாமான் வணிகர்: துபாயிலிருந்து வர வேண்டிய பணத்தை என் பெயரைக் காரணம் காட்டி ஒரு வங்கி இரண்டு வாரம் நிறுத்திவைத்தது. நான் என்ன குற்றம் செய்தேன்?

ஒரு குற்றமும் செய்யவில்லை, பாய். பட்டியலில் இருக்கும் ஒருவருடைய பெயரில் பாதி உங்கள் பெயரோடு ஒத்துப்போயிருக்கும். அரபுப் பெயரை ஆங்கிலத்தில் எழுதப் பல வழிகள் உண்டு. கணினி எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும். பிடித்ததை அன்றே பார்த்து விடுவிப்பது மனிதர்களின் கடமை. உங்களைப் போன்றவர்களின் கோப்பு என் மேசையிலும் வெள்ளிக்கிழமை மாலையில் வந்து திங்கள்வரை கிடந்திருக்கிறது. அதற்காக இன்று மன்னிப்புக் கேட்கிறேன்.

அடுத்த முறை பணம் வருவதற்கு முன்பே, தந்தை பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், பாஸ்போர்ட் எண் நான்கையும் எழுதி, ஜி.எஸ்.டி. பதிவின் நகலோடு கிளை மேலாளரிடம் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியலில் பெரும்பாலான பெயர்களுக்குப் பக்கத்தில் பிறந்த தேதி இருக்கும். அது உங்களுடையதோடு ஒத்துப்போகாவிட்டால் நிறுத்திவைக்கக் காரணம் இல்லை. மீண்டும் நிறுத்தினால் எந்தப் பட்டியலில் எந்தப் பெயர் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் படிப்பகத்துக்கு வாருங்கள். நானே எழுதித் தருகிறேன்.